நிறுத்தத் தெரிந்த கை

ஐஸ் ஹொக்கி ஆட்டம் ஒன்றுக்கு 60 நிமிடம் என்று விதிநூல் சொல்கிறது. அதை நம்பி அரங்குக்குப் போனவர் வீடு திரும்ப இரண்டரை மணித்தியாலமாவது ஆகும். இரண்டு இடைவேளைகளைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். நடுவர் விசில் ஊதிய ஒவ்வொரு தடவையும் மணிக்கூடு நின்றிருக்கிறது. பக் என்னும் ரப்பர் வில்லை திரும்ப ஐஸில் விழும்வரை வீரர்கள் மூச்சு வாங்கியதும், ஒருவரையொருவர் முறைத்ததும், பயிற்றுநர் கத்தியதும் காலத்துக்கு வெளியே நடந்தவை. உதைபந்தாட்டத்தில் பந்து வெளியே போனாலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் நடுவர் சில நிமிடங்களைக் கூட்டிக் கொடுப்பார். கிரிக்கெட்டில் பெரும்பாலும் நேரத்தை விட்டுவிட்டுப் பந்தை எண்ணுகிறார்கள். ஹொக்கியில் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டியெடுத்து, ஒட்டி, 60 நிமிடம் செய்கிறார்கள். அதைச் செய்வது ஒரு கை. அந்தக் கையைக் கவனிக்கப் பழகிய பிறகு எனக்கு ஆட்டத்தின் பாதி கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நடக்கிறது.

தேசிய ஹொக்கி லீக்கில் அந்தக் கைக்குச் சம்பளம் உண்டு. கனடாவின் ஊர் அரங்குகளில் பெரும்பாலும் அது ஒரு தொண்டரின் கை. பிள்ளையை விளையாட விட்டுவிட்டுப் படிக்கட்டில் குளிரில் நடுங்குவதைவிட உள்ளே போய் உட்காரலாமே என்று வந்த தாய். பேரனைக் கூட்டிவந்த தாத்தா. ஒன்ராறியோவில் என்றால், உயர்பள்ளிச் சான்றிதழுக்குக் கட்டாயமான 40 மணித்தியாலச் சமூகசேவையை நிரப்ப வந்த பதின்ம வயதுப் பிள்ளை. சில சங்கங்கள் கைச்செலவுக்கு ஏதோ கொடுக்கும். ரொறொன்ரோவின் கிழக்குப் புறநகர் அரங்குகளில் எங்கள் ஆட்களும் மணிக்கூட்டை இயக்கும் அந்தப் பெட்டிக்குள் தென்படுகிறார்கள். ஐஸைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் கண்டு வளர்ந்த தலைமுறை. நானும் அப்படிக் கடமைக்குப் போனவன்தான். அங்கே எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் விரலைப் பார்த்துத்தான் இது ஒரு கலை என்று தெரிந்தது.

பெட்டியின் இடமே அழகு. அரங்கின் நீளப் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேரே, வீரர்களின் வாங்குகளுக்கு எதிர்ப்புறத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய அறை. வலப்பக்கம் ஓர் அணியின் தண்டனைப் பெட்டி, இடப்பக்கம் மற்ற அணியினது. மேசையில் மணிக்கூட்டை இயக்கும் பலகை, ஆட்டத்தாள், இரண்டு பேனை (ஒன்று குளிரில் எழுதாது), ஒரு வாளியில் மேலதிக பக்குகள். பெரிய அரங்குகளில் பக்குகளை உறைபெட்டியில் வைத்திருப்பார்கள். கெட்டி ரப்பர் உறைந்திருந்தால்தான் துள்ளாமல் வழுக்கும்.

கண்ணாடிக்கு முன்னால், ஐஸின்மேல், 10 அடி ஆரத்தில் ஒரு சிவப்பு அரைவட்டம் கீறியிருக்கும். நடுவர் ஒரு குற்றத்தை அறிவிக்க டைம்கீப்பரிடம் வந்து நிற்கும்போது எந்த வீரரும் அதற்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் 10 நிமிடத் தண்டனை. 200 அடி நீளமும் 85 அடி அகலமுமான களத்தில் ஆளை ஆள் இடித்துச் சுவரோடு சாத்துவதெல்லாம் விதிக்கு உட்பட்டது. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவரும் அதை எழுதுகிறவரும் நாலு சொல் நிம்மதியாகப் பேச இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு முரட்டு விளையாட்டு கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை செய்வது எனக்குப் பிடிக்கும்.

இனிக் கை. மணிக்கூட்டை ஓடவிடுவது கண்ணால், நிறுத்துவது காதால். கோட்டு நடுவரான லைன்ஸ்மன் குனிந்து பக்கைப் போடுகிறார். அது விழுவதைக் கண்டு அழுத்த வேண்டும். விசில் கேட்டதும் திரும்ப அழுத்த வேண்டும். விரல் ஒன்று, புலன் இரண்டு. மனிதக் காது கண்ணைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பு. ஒலியைக் கேட்டுக் கை அசைய ஏறத்தாழ விநாடியில் ஆறிலொரு பங்கு போதும். காட்சியைக் கண்டு அசைய ஐந்திலொரு பங்கு வேண்டும். ஆனால் ஒலிக்கு வழிப்பயணம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து மூலையில் ஊதிய விசில் 40 மீற்றர் கடந்து பெட்டிக்கு வர விநாடியில் எட்டிலொரு பங்கு ஆகும். அதற்கு முன்னாலும் ஒரு தாமதம் உண்டு. பக் கோல்காப்பாளரின் கையுறைக்குள் மறைந்ததை நடுவர் கண்டு, மூச்செடுத்து, ஊத வேண்டுமே. அதனால் தேசிய ஹொக்கி லீக்கின் விதி, நடுவர் ஊத எண்ணிய கணத்திலேயே ஆட்டம் நின்றுவிட்டதாகக் கொள்கிறது. ஆக ஆட்டம் முதலில் நடுவரின் மனதில் நிற்கிறது. பிறகு அவர் வாயில், பிறகு காற்றில், பிறகு டைம்கீப்பரின் காதில். பலகையில் நிற்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இதைக் கேட்டதும் வேகமான கைதான் நல்ல கை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. விழும் பக்குக்குக் கால் விநாடி பிந்துகிறவர் விசிலுக்கும் அதே கால் விநாடி பிந்தினால், இடையில் ஓடிய நேரம் சரியாகவே இருக்கும். ஒரு தாமதத்தை மற்றத் தாமதம் தின்றுவிடும். தொடக்கத்தில் துடிப்பு, முடிவில் சோம்பல் என்று இரண்டு குணம் உள்ள கைதான் ஆபத்து. ஐம்பது தடவை விசில் ஊதப்பட்ட ஆட்டத்தில் தடவைக்கு விநாடியில் பத்திலொரு பங்கு பிசகினால் ஐந்து விநாடி. ஐந்து விநாடியில் ஒரு கோல் தாராளமாக விழும். வேகத்தைவிடச் சீர் பெரிது என்று இந்தப் பெட்டிக்குள் யாரும் சொல்லித் தருவதில்லை. நல்ல கைகளைப் பார்த்தால் தெரியும்.

நான் பார்த்த நல்ல கை ஒரு பெரியவருடையது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆடி முடித்து ஸ்கேட்டை மாட்டிவைத்த பிறகும் அவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். அவர் பக்கைப் பார்ப்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சநாள் கழித்துத்தான் விளங்கியது. அரங்கு முழுவதும் பக்கின் பின்னால் தலையைத் திருப்ப, அவர் நடுவர்களின் தோள்களையே பார்ப்பார். ஹொக்கியில் அநேக விசில்களுக்கு முன்னால் ஒரு கை உயரும். தன் பாதிக் களத்திலிருந்து பக்கை எதிரணியின் கோல்கோட்டுக்கு அப்பால் அடித்துவிடும் ஐசிங் என்றால் லைன்ஸ்மனின் கை மேலே போகும். ஓர் அணி குற்றம் செய்துவிட்டு, பக் இன்னும் எதிரணியிடம் இருந்தால், நடுவர் ஊதாமல் கையை மட்டும் தூக்கி வைத்திருப்பார். குற்றம் செய்த அணி பக்கை வசப்படுத்தியதும் விசில். அந்தக் கை உயர்ந்ததும் பெரியவரின் விரல் மேசையிலிருந்து பொத்தானுக்கு மேலே வரும். தொடாமல் நிற்கும். விசிலோடு விழும். ஐசிங் இல்லையென்று லைன்ஸ்மன் கையைத் தாழ்த்தினால் விரலும் பேசாமல் மேசைக்குத் திரும்பும். ஆட்டம் முழுக்க அந்த விரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே எந்த அணி நெருக்குகிறது, எங்கே குற்றம், எங்கே தப்பியது என்று ஒருவாறு சொல்லிவிடலாம்.

தாளம் போடுவது மாதிரி என்று கச்சேரிப் பித்துள்ள நண்பர் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. பாடகர் நிறுத்தினாலும் ஆவர்த்தனம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், முன்வரிசை ரசிகரின் தொடையில் கை தட்டிக்கொண்டே இருக்கும். தாளம் நிற்காது, நின்றால் கச்சேரி கெட்டது. இங்கே கலை முழுவதும் நிறுத்துவதில் இருக்கிறது.

கெட்ட கைகளும் ரசனைக்குரியவைதான். பதற்றக் கை ஒன்று உண்டு. விசில் கேட்டு ஒரு தடவை அழுத்தும், நின்றதா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை அழுத்தும், மணிக்கூடு மறுபடி ஓடத் தொடங்கும். நடுவர் சறுக்கிக்கொண்டு வந்து, எத்தனை விநாடி திருப்பிப் போட வேண்டும் என்று விரலால் காட்டுவார். இதைவிடச் சுவாரசியமானது விசிறிக் கை. தன் பிள்ளையின் அணி ஒரு கோலால் முன்னிற்க, கடைசி இரண்டு நிமிடத்தில் அந்தக் கை விசிலைக் கேட்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அதே அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் மின்னல் தோற்கும். இதைக் கள்ளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்குச் சொந்தக்காரருக்கே அது தெரியாது. பெட்டிக்குள் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, நடுவரின் தீர்ப்புக்கு உச்சுக்கொட்டவும் கூடாது என்ற வழக்கம் அதனால்தான் வந்திருக்க வேண்டும். மகன் அடித்த கோலை, நேரத்தையும் இலக்கத்தையும் மட்டும் கேட்டு, முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் தாளில் எழுதும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அந்த முகத்துக்கு முன்னால் விரல் வித்தை ஒன்றும் பெரிதில்லை.

ஒரு விநாடி என்ன பெறும் என்று கேட்கிறவர்களுக்கு 1980 பெப்ரவரி 22ஐக் காட்டலாம். லேக் பிளசிட் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கக் கல்லூரி இளைஞர்கள் வென்ற ஆட்டம். ஊர் உலகம் பேசுவது அதன் கடைசி விநாடிகளையும், அவற்றை எண்ணிய அறிவிப்பாளர் அல் மைக்கேல்ஸின் குரலையும்தான். மணிக்கூட்டுப் பைத்தியங்களுக்கு அதைவிட ருசி முதலாம் பகுதியின் முடிவில். சோவியத் 2–1 முன்னிலை. டேவ் கிறிஸ்ரியன் தூரத்திலிருந்து அடித்த பக்கை சோவியத் கோல்காப்பாளர் விளாடிஸ்லாவ் ட்ரெட்யாக் தடுக்க, அது துள்ளி முன்னால் விழுந்தது. பகுதி முடிந்த மாதிரித்தான் என்று சோவியத் பின்வரிசை தளர்ந்த நேரம், மார்க் ஜோன்சன் இருவருக்கு நடுவே புகுந்து பக்கை வலைக்குள் போட்டார். பலகை 0:00 என்றது. சோவியத் வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள்.

கோல் விழுந்தபோது ஒரு விநாடி மிச்சம் என்று தீர்ப்பாயிற்று. தாளில் 19:59. தாளில் எழுதினால் மட்டும் போதாது. மிச்சமிருந்த அந்த ஒரு விநாடியை ஆடித் தீர்க்க வேண்டும். அறைக்குப் போனவர்களில் சிலர் திரும்ப அழைக்கப்பட்டு வந்தார்கள்; கோலில் ட்ரெட்யாக்குக்குப் பதிலாக விளாடிமிர் மிஷ்கின் நின்றார். பக் விழுந்தது, மணிக்கூடு ஒரு விநாடி ஓடியது, பகுதி முடிந்தது. அடுத்த பகுதிக்கும் ட்ரெட்யாக் வரவில்லை. பயிற்றுநர் விக்டர் டிகோனவ் அந்த மாற்றத்துக்காகப் பின்னாளில் வருந்தினார். ஆட்டம் 4–3. வெறும் சடங்குக்காக ஆடிய விநாடி என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கோ அந்த விநாடிதான் இந்தக் கலையில் நடந்த மிகச் சுத்தமான நிகழ்ச்சி. வெற்றி தோல்வி எதுவும் அதற்குள் மாறப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் 20 நிமிடம் என்றால் 20 நிமிடம்.

பெரிய அரங்குகளில் இந்தத் தகராறைக் குறைக்க ஒரு சிறு சாமர்த்தியம் செய்திருக்கிறார்கள். கோல் விழுந்தால் வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். மணிக்கூடு பூச்சியத்தைத் தொட்டதும் பச்சை எரியும். பச்சை எரிந்துவிட்டால் சிவப்பை எரியவைக்க முடியாதபடி மின்சுற்றைப் பூட்டியிருப்பார்கள். எங்கள் ஊர் அரங்குகளில் நடுவரின் கண்ணும் டைம்கீப்பரின் காதும்தான் பச்சையும் சிவப்பும்.

ஓட்டுவதும் நிறுத்துவதும் பாதி வேலை. மறுபாதி தண்டனை, அதுவும் நேரம்தான். சிறு குற்றத்துக்கு 2 நிமிடம், பெருங்குற்றத்துக்கு 5, ஒழுங்கீனத்துக்கு 10. சிறு குற்றமும் பெருங்குற்றமும் என்றால் செய்தவர் பெட்டியில் குந்தியிருக்க, அவர் அணி ஓராள் குறைந்து ஆட வேண்டும். இதில் இன்றுள்ள ஒரு முக்கிய விதி பழைய மொன்றியல் அணியால் வந்தது. 1955 நவம்பர் 5ஆம் திகதி பொஸ்டன் அணிக்கு ஆள் குறைந்திருந்த வேளையில் ஜோன் பெலிவோ 44 விநாடிக்குள் மூன்று கோல் அடித்தார். அந்த நாளில் எத்தனை கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடம் முடியும்வரை குற்றவாளி வெளியே வர முடியாது. மொன்றியலுக்கு ஆள் கூடுதலாகக் கிடைத்தாலே ஆட்டம் முடிந்தது என்ற நிலை. அடுத்த பருவத்திலிருந்து விதி மாறியது: ஒரு கோல் விழுந்தால் சிறு குற்றவாளிக்கு விடுதலை. அதனாலும் மொன்றியலைத் தடுக்க முடியவில்லை. 1956இலிருந்து 1960வரை ஐந்து வருடமும் ஸ்டான்லி கிண்ணம் அவர்களிடம்தான். டைம்கீப்பருக்கு மட்டும் நிரந்தரமாக ஒரு தலையிடி மிஞ்சியது. கோல் விழுந்ததும் யாரை விடுவது?

இந்தக் கணக்கை நான் ருசிப்பது போல வேறு எதையும் ருசித்ததில்லை. பலகையில் 8:40 மிச்சம் இருக்கும்போது சிவப்பு அணியின் 7ஆம் இலக்கம் 2 நிமிடத்துக்கு உள்ளே வருகிறார். 8:10இல் 12ஆம் இலக்கம். 7:50இல் 19. ஓர் அணி எத்தனை குற்றம் செய்தாலும் களத்தில் கோல்காப்பாளரைத் தவிர மூன்று பேராவது இருந்தாக வேண்டும் என்பதால், 19இன் தண்டனை உடனே தொடங்காது. 7இன் நேரம் முடியும் 6:40வரை காத்திருக்கும். 6:40இல் 7 தன் தண்டனையை முடித்தாலும் வெளியே போக முடியாது, அவருக்குப் பதில் இன்னொருவர் ஏற்கெனவே ஐஸில் நிற்கிறார். 6:10இல் 12இன் நேரம் முடிய, அணிக்கு நாலாவது ஆள் கிடைக்கும். அப்போது கதவைத் திறந்து வெளியே போகிறவர் 12 இல்லை, 7. இடையில் 7:00இல் எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டால்? குறைந்த நேரம் மிச்சமுள்ள 7இன் தண்டனை அப்போதே அழியும். 19இன் நேரம் அங்கிருந்தே தொடங்கி 5:00இல் முடியும். இவை எல்லாம் பயிற்றுநர் இருவரும் எதிர்வாங்கிலிருந்து கையை விரித்துக் கேட்டுக்கொண்டிருக்க, பத்துப் பதினைந்து விநாடிக்குள் தலைக்குள் நடக்க வேண்டும். பெரியவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘வெளியே’ என்று ஒரு நிரல் போட்டு, ஒவ்வொருவரும் விடுபடும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வைப்பார். கோல் விழுந்தால் ஒரு கோடு கீறுவார். அவ்வளவுதான். இரண்டு அணியிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொருவர் குற்றம் செய்தால் நிரலை இரண்டாகப் பிரிப்பார். பல விதிநூல்களில் அந்த இருவருக்கும் பதில் ஆள் உடனே இறங்கலாம், ஆனால் இருவரும் நேரம் முடிந்த பிறகு வரும் முதல் விசில்வரை பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

நடுவர் குற்றத்தைச் சொல்வது பெரும்பாலும் கையால். மணிக்கட்டைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவைத்தது. இரண்டு கையாலும் எதையோ வயிற்றுப் பக்கம் இழுத்தால் தடியால் கொளுவியது. ஒரு கையின் விளிம்பால் மற்றக் கையை வெட்டினால் தடியால் வெட்டியது. இரண்டு முட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெற்றியருகே வைத்தால் தடி தோளுக்கு மேலே போனது. இந்தச் சைகைகளுக்கு வழி போட்டவர் என்று பில் சட்விக்கைச் சொல்வார்கள். 1940களில் தேசிய லீக்கின் நடுவர். வலக்கண் பார்வை இல்லாதவர். நடுவருக்குக் கண் குருடு என்று ரசிகர்கள் கத்துவதில் அவர் விஷயத்தில் பாதி உண்மை இருந்தது. இரைச்சலுக்கு மேலால் பெட்டிக்குச் செய்தி சொல்ல வேண்டிய தேவையில் பிறந்த சைகைகள் இன்று கடைசி வரிசை ரசிகருக்கும் தெரிந்த பாஷை. அபிநயம் நன்றாக வரும் நடுவர் கிடைத்தால் தாள் எழுதுவதே இன்பம். சில நடுவர்கள் இரண்டு விரலை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களோடு எனக்குச் சரிவராது.

தண்டனைப் பெட்டியில் வந்து இருப்பவர்கள் பெரியவர்களானால் கதவைச் சாத்தி, தண்ணீர்ப் போத்தலை எறிந்து, தங்களுக்குள் ஏசிக்கொள்வார்கள். பிள்ளைகள் அப்படியில்லை. பத்து வயதுப் பெடியன் ஒருவன் அழுகையை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பெட்டிக்குள் இருந்தவர் அவனுடைய தகப்பன்.

“அப்பா, நான் செய்யேல்லை.”

“உன்ரை நேரம் ஒரு நிமிசம் ஐம்பத்திரண்டு.”

“அவன்தான் முதல்ல தள்ளினவன், அப்பா.”

“ஒரு நிமிசம் ஐம்பது. கதவடியிலை நில்.”

அந்தத் தகப்பன் தலையைத் திருப்பவில்லை. நேரம் முடிய ஐந்து விநாடி இருக்கும்போது தாழ்ப்பாளில் கை வைத்து, பூச்சியத்தில் கதவைத் திறந்தார். ஒரு கணம் முந்தித் திறந்தால் பெடியன் திரும்பி வந்து மிச்ச நேரத்தை இருந்து தீர்க்க வேண்டும். பிந்தித் திறந்தால் அணி ஓராள் குறைந்தபடியே தவிக்கும்.

மணிக்கூட்டுக்கும் சில சமயம் புத்தி தடுமாறும். 2012 பெப்ரவரி 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் கிங்ஸ் அணியும் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணியும் 2–2 என்று நின்றன. கடைசி விநாடிகளில் பலகை 1.8 என்ற எண்ணில் ஒரு விநாடியளவு அசையாமல் நின்றுவிட்டு மறுபடி இறங்கியது. 0.4 மிச்சமிருக்க ட்ரூ டவுட்டி கோல் போட்டார். அந்த ஒரு விநாடி நிற்காமல் ஓடியிருந்தால் கோல் இல்லை. லீக் விசாரித்தது, முடிவு மாறவில்லை. கிங்ஸ் முகாமையாளர் டீன் லொம்பார்டி, மணிக்கூடு கூலோம் என்னும் மின்னூட்ட அளவுகளை எண்ணித் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் நுட்பக் கருவி என்று ஒரு விளக்கம் கொடுத்தார். பௌதிகம் படித்தவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. கிங்ஸ் அந்த வருடம் மேற்குப் பிரிவின் எட்டாமிடத்தோடு உள்ளே வந்து ஸ்டான்லி கிண்ணத்தையே தூக்கியது. கடைசி நிமிடத்தில் விநாடியின் பத்திலொரு பங்குவரை பலகை காட்டத் தொடங்கியதும் பெரியவர் கழுத்தில் தொங்கும் ஸ்டொப்வாட்ச்சை ஏன் கையிலெடுக்கிறார் என்று இந்தக் கதை கேட்ட பிறகு நான் கேட்கவில்லை. கூடைப்பந்தில் நடுவரின் இடுப்பில் மாட்டிய கருவி விசிலைக் கேட்டதும் தானே மணிக்கூட்டை நிறுத்திவிடுகிறது. வரட்டும். விசிலுக்கு முன்னால் உயரும் தோளை அது பார்க்காது.

ஓடி முடிந்த நேரம் தாளில்தான் மிஞ்சும். 1952 மார்ச் 23, நியூயோர்க், பருவத்தின் கடைசி ஆட்டம். சிக்காகோ 6–2 என்று தோற்றுக்கொண்டிருந்தது. மூன்றாம் பகுதியில் பில் மொசியென்கோ ஒரு கோல், இன்னொரு கோல், மூன்றாவது கோல். தாளில் 6:09, 6:20, 6:30. மூன்றுக்கும் பக்கைக் கொடுத்தவர் கஸ் பொட்நார். 21 விநாடிக்குள் மூன்று கோல் என்ற சாதனை இன்றுவரை நிற்கிறது. சிக்காகோ 7–6 என்று வென்றது. அந்த மூன்று எண்களை நான் நினைக்கும்போது மொசியென்கோவின் ஓட்டம் எனக்குத் தெரிவதில்லை. மூன்று தடவையும் விசில் கேட்டு நின்று, நடுவட்டத்தில் பக் விழுந்ததும் ஓடி, உற்சாகத்தில் ஒரு தடவைகூடத் தப்பாத கைதான் தெரிகிறது. ஒரு விநாடி அங்கே ஏமாந்திருந்தால் இன்று வேறு ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

வேகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பொறுமை. 1936 மார்ச் 24ஆம் திகதி மொன்றியலில் டெட்ரோயிட் அணியும் மெரூன்ஸ் அணியும் கோலில்லாமல் 60 நிமிடத்தை முடித்தன. மேலதிக நேரம் ஒன்று, இரண்டு என்று ஆறாவதுவரை போனது. அதன் 16:30இல் மட் புருனெட்டோ என்ற இளைஞர் ஒரு கோல் அடிக்க, ஆட்டம் 1–0 என்று முடிந்தது. வெளியே அதிகாலை 2:25. தாளில் மொத்தம் 176 நிமிடம் 30 விநாடி. இவ்வளவு நேரமும் காகிதத்தில் ஒரே ஒரு கோல்தான். கோலே விழாத நேரத்தைப் பிசகாமல் எண்ணுவது எவ்வளவு சோதனை என்று பெட்டிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு எதிர்முனையில் ஆறேழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம். அரைக் களம், பாரம் குறைந்த நீலநிறப் பக், ஸ்கோர் கிடையாது. ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ ஆனதும் பஸர் அடிக்கும். பிள்ளைகள் பக்கை அப்படியே விட்டுவிட்டு வாங்குக்கு வர வேண்டும். அடுத்த கூட்டம் இறங்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு ஐஸ் கிடைப்பதற்கான ஏற்பாடு. நடுவருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பஸர்தான் ராசா. பெருங்கைகள் இதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. எனக்கு இதுதான் கடினமான ஆட்டம், ஏனென்றால் ஒவ்வொரு பஸருக்கும் எங்கோ ஒரு பிள்ளை பக்கைத் தட்டிக்கொண்டு, தடுப்பார் யாருமில்லாமல், வாழ்க்கையின் முதல் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இதில் பெரியவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் நேரத்துக்கு அடித்துவிடுவார். ஓடுகிற பிள்ளைக்காக இரண்டு விநாடி பொறுத்தால், அது வாங்கில் கால் ஆட்டிக்கொண்டு காத்திருக்கும் பிள்ளையின் இரண்டு விநாடி என்பது அவர் கட்சி. மறுக்க முடியாத நியாயம். நான் பொறுப்பேன். பக் வலைக்குள் போகட்டும், அல்லது வெளியே போகட்டும், பிறகு அடிக்கலாம். ஸ்கோரே இல்லாத ஆட்டத்தில் எந்தத் தாளையும் நான் கெடுக்கவில்லை. வாங்கில் காத்திருக்கும் பிள்ளைகள் ஒருவரும் இதுவரை முறைப்பாடு சொன்னதில்லை. படிக்கட்டில் இருக்கும் தாய் தகப்பன்மார்தான் தொலைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.